அணை திறந்தால் சொல்கிறீர்கள். கணினிக்குள் ஆள் புகுந்தால்?

பெறுநர்:
ஒன்றிய மின்துறைச் செயலாளர், புது டில்லி
தமிழ்நாடு அரசு எரிசக்தித் துறைச் செயலாளர், சென்னை

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். சேலத்திலிருந்து எழுதுகிறேன். துணைமின் நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து, போர்மேனாக ஓய்வு பெற்றவன். கணினி படித்தவன் இல்லை. இந்த மடலில் கணினிக்காரர்கள் சொல்ல வேண்டியதை நான் சொல்லப் போவதும் இல்லை.

2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்த நாட்களில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. பாகிஸ்தானின் சைபர் தாக்குதலில் இந்திய மின்தொகுப்பில் (கிரிட்) 70 சதவீதம் செயலிழந்துவிட்டதாம். ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஆளாளுக்கு அதை ஃபார்வர்டு செய்தார்கள். ஏ.டி.எம். எல்லாம் இரண்டு மூன்று நாள் மூடல் என்று இன்னொரு செய்தி. அதை நம்பி ஐந்து ரோட்டுக்குப் பணம் எடுக்க ஓடியவர்களை எனக்குத் தெரியும். இரண்டுமே பொய் என்று பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுத்தது. அந்த மறுப்பு எங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்தபோது அடுத்த வதந்தி வந்துவிட்டது. என் போனுக்கு வந்த மறுப்பும் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

செய்தி பொய்தான். ஆனால் நடக்கவே முடியாத கதையாக அதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் உக்ரைனில் அது நடந்திருக்கிறது.

2015 டிசம்பர் 23. மேற்கு உக்ரைனில், மாலை மூன்றரை மணிவாக்கில், மின்பகிர்மான நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் கண்ணெதிரே திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்கிறது. அவர் கை மவுஸில் இல்லை. அம்பு ஒவ்வொரு பிரேக்கராக, அதாவது லைனைத் துண்டிக்கிற பெரிய சுவிட்சாக, தேடிப் போய்த் திறக்கிறது. திறந்தால் மின்சாரம் நிற்கும், போட்டால் வரும். ஃபீடர்கள், அதாவது ஊர்களுக்குப் போகும் மின்பாதைகள், ஒவ்வொன்றாக விழுகின்றன. அன்றைக்கு மூன்று நிறுவனங்களில் ஏறத்தாழ 30 துணைமின் நிலையங்கள் இருண்டன. சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு ஒரு மணி நேரம் முதல் ஆறு மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. டிசம்பர் மாதக் குளிர் வேறு.

கணினிக்குள் புகுந்தவர்கள் அன்றைக்கு வந்தவர்கள் இல்லை. மாதக்கணக்கில் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். மின்னஞ்சலோடு வந்த ஒரு கோப்பை அலுவலகத்தில் யாரோ திறந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. பிரேக்கர்களைத் திறந்ததோடு அவர்கள் விடவில்லை. கட்டுப்பாட்டு அறையின் யு.பி.எஸ்.ஸையே அணைய வைத்தார்கள். புகார் சொல்ல மக்கள் கூப்பிடும் தொலைபேசி எண்ணைப் பொய் அழைப்புகளால் நிரப்பினார்கள். துணைமின் நிலையத்தையும் கட்டுப்பாட்டு அறையையும் இணைக்கும் கருவிகளின் உள்மென்பொருளை அழித்தார்கள். ரிமோட்டில் திரும்பப் போடலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. என் அனுபவத்தில் இதைவிடச் சுத்தமாகத் திட்டமிட்ட மின்தடையைக் கேள்விப்பட்டதில்லை.

அப்படியிருந்தும் ஆறு மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்பியது. வண்டியை எடுத்துக்கொண்டு துணைமின் நிலையங்களுக்குப் போன ஊழியர்கள் பிரேக்கர்களைக் கையால் போட்டார்கள். அதன்பிறகு பல மாதங்கள் அந்த நிலையங்களைக் கையாலேயே நடத்தினார்கள். அவர்களிடம் பழைய உபகரணமும் அதை இயக்கத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள்.

அங்கிருந்து சேலத்துக்கு வருகிறேன்.

துணைமின் நிலைய பேனலில் லோக்கல், ரிமோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். லோக்கலில் வைத்துவிட்டால் தூரத்தில் இருக்கிறவன் எந்தக் கணினியில் என்ன அழுத்தினாலும் அந்த பிரேக்கர் கேட்காது. பேட்டரி செத்து மோட்டார் ஓடாவிட்டாலும், கைப்பிடியைப் போட்டுச் சுற்றி ஸ்பிரிங்கை ஏற்றி பிரேக்கரைப் போடலாம். சுற்றிச் சுற்றித் தோள் இறங்கிப்போகும். ஆனால் ‘டக்’ என்று ஸ்பிரிங் ஏறிய சத்தம் கேட்டதும் ஒரு தெம்பு வரும் பாருங்கள், அது கணினித் திரையில் பச்சை விளக்கைப் பார்த்தால் வராது. ஆனால் கைப்பிடி சுற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: லைனில் யாராவது வேலை செய்கிறார்களா? யார் லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தி லைனில் வேலை செய்யத் தரும் அனுமதி) வாங்கியிருக்கிறார், திருப்பிக் கொடுத்தாரா? அதைக் கணினியில் மட்டும் பதிந்து வைத்திருந்து கணினியே போய்விட்டால், கையால் பிரேக்கர் போடுவது கொலைக்குச் சமம். அதனால்தான் காகிதத்தில் எழுதிய லாக் ஷீட்டும் லைன் கிளியர் புத்தகமும் எனக்குப் பழைய காலத்து ஆசாரமாகத் தெரியவில்லை.

ஏற்காட்டுக்குப் போகும் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சேர்வராயன் மலையில் மரம் சாய்ந்து கம்பி அறுவது புதிதல்ல. எந்த வளைவுக்கு மேலே எந்தத் தோட்டத்துக்குள் ஏ.பி. சுவிட்ச் (லைனைக் கையால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது, எதைத் திறந்தால் எந்த ஊர் தப்பும் என்பதெல்லாம் பழைய லைன்மேன்கள் தலைக்குள் இருக்கிறது. டார்ச் அடித்துக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குள் லைனோடு நடந்தே போய்க் கோளாறைக் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். பிறகு வருகிற ஒப்பந்த இளைஞருக்கு யார் அதைச் சொல்லிக்கொடுப்பது? ஆளில்லாத் துணைமின் நிலையங்கள், ரிமோட் கட்டுப்பாடு, ஸ்காடா (தூரத்திலிருந்து கணினியால் கண்காணித்து இயக்கும் அமைப்பு) என்று போவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். கோளாறு நேரத்தில் அது எவ்வளவு வேகமாக உதவும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ரிமோட் வந்ததும் ஆளை எடுத்துவிடுவது, காகிதத்தை எடுத்துவிடுவது, கைப்பிடி எங்கே என்றே தெரியாமல் போவது, இவை நடந்தால் உக்ரைன்காரர்களைக் காப்பாற்றிய ஒரே வழியை நாமே அடைத்துக்கொண்டவர்கள் ஆவோம்.

2013 டிசம்பர் 31 அன்று தென் மண்டல மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒன்றிணைந்தது. அன்றிலிருந்து நாடு முழுக்க ஒரே தொகுப்பு. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் 1,440 மெகாவாட்டும் அந்த ஒரே தொகுப்பில்தான் ஓடுகிறது. பற்றாக்குறை காலத்தில் இதனால் நமக்குப் பெரிய லாபம். அதே சமயம், எங்கோ ஒரு மூலையில் வேண்டுமென்றே செய்யும் விஷமம் நம்மையும் எட்டும், நாமும் அதே தொகுப்பில்தான் இருக்கிறோம்.

ஸ்மார்ட் மீட்டர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாடு முழுவதும் 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் வைப்பது ஒன்றிய அரசின் திட்டம். ஆள் வராமல் இணைப்பைத் துண்டிக்கும் வசதி அந்த மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. பணம் கட்டாதவருக்காக வைத்த அந்த சுவிட்ச், தவறான ஆள் கையில் சிக்கினால் ஒரு நகரத்தையே அணைக்கிற சுவிட்ச். லட்சக்கணக்கான மீட்டர்களை ஒரே நிமிடத்தில் அணைத்துப் போட்டால் தொகுப்பு சீராக ஓடக் காக்க வேண்டிய அதிர்வெண்ணே ஆட்டம் காணும். ஒரு மணி நேரத்தில் இத்தனை இணைப்புகளுக்கு மேல் யார் உத்தரவிட்டாலும் துண்டிக்க முடியாது என்று ஒரு வரம்பை மீட்டருக்கும் அதை இயக்கும் சர்வருக்கும் உள்ளேயே வைத்துவிட முடியும். டெண்டர் நிபந்தனையில் ஒரு வரி சேர்க்க வேண்டிய வேலை இது. விலை பேசி முடிந்த பிறகு கேட்டால் ஒப்பந்தக்காரர் தனிக் கணக்குப் போடுவார்.

இனி உண்மையைச் சொல்வது பற்றி.

2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் (கணினிக்குக் கேடு செய்யும் நிரல்) புகுந்திருந்தது. அக்டோபர் 29 அன்று, கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலைப்பின்னலோடு இணைக்கப்படாதவை, அவற்றின் மீது சைபர் தாக்குதலே சாத்தியமில்லை என்று நிலையத்தின் பெயரில் அறிக்கை வந்தது. மறுநாளே, தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்றும், செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் (கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் ஒன்றிய அரசு அமைப்பு) தகவல் தந்தது என்றும், பாதிப்பு நிர்வாக வேலைக்கான கணினியில் மட்டும்தான் என்றும் இந்திய அணுமின் கழகம் சொன்னது. உலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் முதல் நாள் அறிக்கையைப் படித்த இடிந்தகரை மீனவர் இரண்டாம் நாள் அறிக்கையை எப்படி நம்புவார்? ஏற்கனவே அந்த உலையைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்.

2020 அக்டோபர் 12 மும்பை மின்தடையும் அப்படித்தான். ரயில்கள் நின்றன, மருத்துவமனைகள் ஜெனரேட்டருக்கு மாறின. சைபர் நாசவேலையாக இருக்கலாம் என்றது மகாராஷ்டிர அரசு. மனிதத் தவறுதான் என்றார் ஒன்றிய மின்துறை அமைச்சர். ஒரே சம்பவத்துக்கு இரண்டு அரசுகள் இரண்டு கதை சொல்லிவிட்டுப் போய்விட்டன. தொழில்நுட்ப விசாரணை அறிக்கையை முழுதாகப் பொதுவெளியில் வைத்திருந்தால் என்னைப் போன்ற ஆயிரக்கணக்கான ஆபரேட்டர்கள் அதிலிருந்து பாடம் படித்திருப்போம்.

2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி எந்த நிறுவனமும் சைபர் சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் அந்தத் தகவல் மேலே போகும் வழிதான் எழுதப்பட்டிருக்கிறது. கீழே வருவதற்கு, அதாவது மின்சாரமோ மருத்துவமனையோ வங்கியோ பாதிக்கப்பட்ட ஊருக்கு அது எத்தனை மணி நேரத்தில் சொல்லப்பட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை.

எதிரிக்குத் தகவல் போய்விடும் என்று சொல்வீர்கள். மேட்டூரைப் பாருங்கள். தினமும் காலையில் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு எல்லாம் வெளியாகிறது. 2022-லும் 2024-லும் ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தபோது கரையோர ஊர்களுக்கு முன்கூட்டியே ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பூலாம்பட்டியில் படகை நிறுத்தினார்கள். தாழ்வான வீட்டுக்காரர்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்கள். அணையின் நீர்மட்டம் எதிரிக்குத் தெரியக்கூடாத ரகசியம் என்று யாரும் சொல்லவில்லை. தினமும் சொல்லிப் பழக்கியதால்தான், ‘அணை உடைந்தது’ என்று எவனாவது வதந்தி கிளப்பினால் எங்கள் ஊர்க்காரன் முதலில் எத்தனை கனஅடி என்று கேட்கிறான். மின்தொகுப்புக்கு அப்படிக் கேட்கிற பழக்கத்தை நீங்கள் எங்களுக்கு ஏற்படுத்தவில்லை. அதனால்தான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தே 70 சதவீதத்தை நம்பினார்கள்.

எந்த ஓட்டை வழியாக வந்தான் என்பதை அடைக்கும்வரை சொல்லாதீர்கள், ஒப்புக்கொள்கிறேன். என்ன நின்றது, எந்தப் பகுதி, எப்போது வரும், பொதுமக்கள் என்ன செய்ய வேண்டும், இந்த நான்கையும் தமிழில், மாவட்ட ஆட்சியர் வாயிலாக, அன்றைக்கே சொல்லலாம். பேரிடருக்கு 1077 இருக்கிறது. பணம் திருடு போனால் 1930 இருக்கிறது. ஊரே இருண்டு, காரணம் சைபர் என்று பேச்சு அடிபட்டால் சேலத்தில் யாரைக் கேட்பது? தமிழ்நாடு சைபர் பாதுகாப்புக் கொள்கை 2020-லேயே வந்துவிட்டது. மாவட்ட அளவில் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவிப்பெயரை ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி ஆட்சியர் அலுவலகப் பலகையில் எழுதினால் போதும்.

நாமும் சைபர் தாக்குதலால் பதிலடி கொடுக்க வேண்டும் என்று தொலைக்காட்சியில் கத்துகிறார்கள். அதைப் பற்றி எனக்கொரு கருத்து உண்டு. போர்மேனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்து மையவிலக்குகளை (யுரேனியத்தைச் செறிவூட்டும் எந்திரங்கள்) கெடுக்கச் செய்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் 2010-ல் வெளியே தெரிந்தது. அமெரிக்காவும் இஸ்ரேலும் செய்ததாகப் பரவலாக எழுதப்பட்டது. இருவரும் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளவில்லை. ஈரானுக்கென்று செய்த அது அங்கேயே நிற்கவில்லை. சிமான்டெக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட கணக்கில் அதிகமாகத் தொற்றிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா. யாரோ யார் மீதோ விட்டது நம் தொழிற்சாலைக் கணினிக்குள் குடியேறியது. இன்னும் மோசம் 2017 மே மாத வான்னாக்ரை, கணினியைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட தீநிரல். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை சொல்லாமல் ஆயுதமாக வைத்திருந்தது. அது திருடு போய் வெளியே கசிந்தது. மார்ச் மாதமே மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைக்கும் அப்டேட் கொடுத்தும் போடாதவர்கள் மாட்டினார்கள். சுமார் 150 நாடுகள், பிரிட்டன் அரசு மருத்துவமனைகள், ஆந்திர போலீஸ் கணினிகள். திருப்பதி தேவஸ்தானத்து அலுவலகக் கணினிகளையும் அது விடவில்லை என்று செய்தி வந்தது. ஏழுமலையானுக்கே அந்தக் கதி.

ஆகவே நம் அரசும் இப்படி ஓட்டைகளைக் கண்டுபிடித்துப் பதுக்கி வைத்தால், முதலில் திறந்து கிடப்பது நம் வீட்டுக் கதவு. கண்டுபிடித்ததும் தயாரிப்பாளரிடம் சொல்லி அடைக்க வைப்பதுதான் பாதுகாப்பு. யார் தாக்கியது என்பதும் அவ்வளவு சீக்கிரம் உறுதியாகாது. மூன்றாவது நாட்டின் கணினி வழியாக வருகிறவன் தன் முகவரியை எழுதி வைத்துவிட்டு வருவதில்லை. அமைதிக் காலத்தில் ஒரு நாடு இன்னொரு நாட்டு மக்களின் அத்தியாவசியக் கட்டமைப்பைத் தாக்கக்கூடாது என்ற நெறி 2015-லேயே ஐ.நா. பொதுச்சபை ஏற்ற அறிக்கையில் இருக்கிறது. கேட்க ஆளில்லாத நெறிதான், தெரியும். ஆனாலும் மருத்துவமனையையும் மின்தொகுப்பையும் நாங்களும் தொடமாட்டோம் என்று இந்தியா வெளிப்படையாகச் சொல்லட்டும். நாளைக்கு நம்மைத் தொட்டவனை உலக மன்றத்தில் நிறுத்த அந்த வார்த்தை வேண்டும்.

எழுதிக்கொண்டே போகும்போது எங்கள் ஊர்ச் சிறு தொழில்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். சைபர் போர் என்றால் அணுமின் நிலையத்துக்கும் ராணுவத்துக்கும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் உள்ளே வந்தது உக்ரைனில் வரிக் கணக்குப் போடும் மென்பொருளின் அப்டேட் வழியாக. உக்ரைனை நோக்கி விட்டது, மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கி, மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையத்தை நிறுத்தியது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக்காரரும் இளம்பிள்ளைத் தறிக்காரரும் ஜவ்வரிசி ஆலைக்காரரும் ஜி.எஸ்.டி. கணக்கை ஆடிட்டர் அலுவலகத்துக் கணினியில்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணினியில் அப்டேட் போட்டிருக்கிறதா, கணக்கின் நகல் வேறு இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல மாவட்டத் தொழில் மையத்தில் இரண்டு பேரை உட்கார வையுங்கள். புகார் சொல்ல வருகிறவரிடம் முதலில் மென்பொருளுக்கு ரசீது கேட்டால் யாரும் வரமாட்டார்கள்.

பாஸ்வேர்டு பற்றியும் ஒரு வார்த்தை. எது என்று சொல்லமாட்டேன், ஒரு துணைமின் நிலையத்தில் திரையின் ஓரத்தில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒட்டியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று ஷிப்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. நள்ளிரவில் ஃபீடர் விழுந்தால் மேலதிகாரியை எழுப்பிக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? ஆளுக்கொரு அடையாள அட்டை, அதைக் காட்டினால் திறக்கிற கணினி என்று கொடுத்திருந்தால் அவர் ஏன் ஒட்டப் போகிறார்? 2021-ல் மத்திய மின்சார ஆணையம் மின்துறைக்கென்று சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன் தமிழ்ச் சுருக்கத்தை, இரவு ஷிப்டில் உட்காருகிறவர் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி இரண்டு பக்கத்தில், நான் எந்த நிலையத்துச் சுவரிலும் பார்க்கவில்லை.

2022 நவம்பர் 23 அன்று சைபர் தாக்குதலில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கி, ஏறத்தாழ இரண்டு வாரம் சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் கையால் எழுதி நடந்தது. நாட்டின் முதன்மையான மருத்துவமனைக்கே அந்தப் பாடு. தருமபுரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஆட்கள் வருகிற எங்கள் சேலம் அரசு மருத்துவமனை எப்படிச் சமாளிக்கும் என்று சுகாதாரத் துறையிடமும் கேளுங்கள்.

என் கோரிக்கைக்குப் புது நிதியும் தேவையில்லை, புதுக் கட்டடமும் தேவையில்லை. ஒவ்வொரு துணைமின் நிலையத்திலும் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை என்று பேப்பரில் அறிவிக்கிறீர்கள். மக்களுக்கு அது பழகிப்போன விஷயம். மாவு அரைப்பது, மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது எல்லாம் முதல் நாளே முடித்துவிடுகிறார்கள். வருடத்தில் ஒரு முறை அந்த நாளின் மாலையில் ரிமோட்டைத் துண்டியுங்கள். கணினியை அணையுங்கள். அலுவலக போன் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பணியில் இருக்கிற ஒப்பந்த ஆபரேட்டரும் லைன்மேன்களும் லைன் கிளியர் புத்தகத்தைப் பார்த்து, ஆட்கள் கம்பியை விட்டு இறங்கிவிட்டார்கள் என்று உறுதி செய்து, கைப்பிடியைச் சுற்றி ஃபீடர்களை ஒவ்வொன்றாகப் போடட்டும். எவ்வளவு நேரம் ஆனது, எங்கே தடுமாறினார்கள் என்று எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பை மற்ற நிலையங்களுக்கும் அனுப்புங்கள்.

முதல் ஒத்திகையைச் சேலம் மாவட்டத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டு லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லைன்மேன்கள் சிலர் இன்னும் அஸ்தம்பட்டி, அடிவாரம் பக்கம் இருக்கிறார்கள். ஏ.பி. சுவிட்ச் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று மலை முழுக்க நடந்து காட்ட அவர்கள் தயார், நான் கேட்டுவிட்டேன். கூட அனுப்ப இளைஞர்களும் ஓர் உத்தரவும் உங்களிடமிருந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துணைமின் நிலையப் போர்மேன்,
சேலம்.